நீதிமன்றத்தில் விற்பனையாளர், விழா மேடையில் ஆலோசகர்

அமெரிக்காவில் ஆனுவிட்டி எனப்படும் ஆண்டுத்தொகைத் திட்டத்தை விற்பவருக்குக் கிடைக்கும் கமிஷன், வாங்குபவரின் நலனுக்கு முரணான நலனாகக் கருதப்படமாட்டாது. இது எவரோ மேடையில் உதிர்த்த வேடிக்கைப் பேச்சு அன்று. மாநிலங்களின் காப்பீட்டு ஆணையர்கள் ஒன்றுகூடி நடத்தும் தேசியக் காப்பீட்டு ஆணையர்கள் சங்கம், 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருத்தி ஏற்றுக்கொண்ட 275ஆம் எண் மாதிரி ஒழுங்குவிதியில் இருப்பதுதான். 'குறிப்பிடத்தக்க நலமுரண்' என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்திலேயே, ரொக்கமாகவோ வேறு வடிவிலோ பெறும் ஊதியம் அதில் அடங்காது என்று விலக்கு எழுதப்பட்டுள்ளது. முகவர் தம் வருமானத்தை வாங்குபவரின் நலனுக்கு முன்னால் வைக்கலாகாது என்று கூறுவதும் அதே விதிதான். மதுக்கடைக்குக் கட்டுப்பாடு எழுதிவிட்டு அதிலிருந்து மதுவை மட்டும் விலக்கி வைத்ததைப் போன்றது இது!

இவ்விதியை இன்று ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் சிறுசிறு மாற்றங்களுடன் தம் சட்டமாக்கிக்கொண்டுள்ளன. 'வாங்குபவரின் மேலான நலன்' என்னும் சொற்றொடர் அதன் நெற்றியில் பொறிக்கப்பட்டுள்ளது. உள்ளே படித்தால் வேறு கதை. வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்கும், அறங்காவலர் தம் பொறுப்பிலுள்ள சொத்துக்கும் கடமைப்பட்டிருப்பதைப் போன்ற நம்பிக்கைப் பொறுப்பு எதுவும் இவ்விதியால் முகவர்மீது விழாது. இவ்விதி மீறப்பட்டது என்பதைக் காரணமாகக் காட்டி வாங்கியவர் தாமே வழக்குத் தொடுக்கும் உரிமையும் இதனால் பிறக்காது. மேலும், இது ஆண்டுத்தொகைத் திட்டங்களுக்கு மட்டுமே உரியது. முதலீடு என்ற போர்வையில் விற்கப்படும் ஆயுள் காப்பீட்டு பாலிசிகள் இதன் வேலிக்கு வெளியே நிற்கின்றன.

இந்தச் சட்ட நுணுக்கமெல்லாம் தமிழர்களுக்கு எதற்கு என்ற வினா எழலாம். நியூ ஜெர்சியிலும் டெக்சாசிலும் கலிபோர்னியாவிலும் அட்லாண்டாவைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் விடை கிடைக்கும். பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, குழந்தையின் பிறந்தநாள் என்று எங்கு கூடினாலும், "அண்ணா, ஒரு அரைமணி நேரம் கிடைக்குமா? பிள்ளைகள் படிப்புக்கும் உங்கள் ஓய்வுக்காலத்துக்கும் சேர்த்து ஒரு நல்ல திட்டம் இருக்கிறது" என்று அணுகும் ஒருவரைச் சந்திக்காத குடும்பம் குறைவு. அவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். அதே ஊர்க்காரர், அதே கல்லூரியில் படித்தவர், பகலில் மென்பொருள் எழுதிவிட்டு மாலையில் பாலிசி விற்பவர். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் 'இண்டெக்ஸ்டு யுனிவர்சல் லைஃப்', சுருக்கமாக ஐ.யு.எல். என்னும் பாலிசி. பங்குச் சந்தை ஏறினால் பணம் ஏறும், இறங்கினால் இறங்காது, எடுக்கும் பணத்துக்கு வரியும் இல்லை என்பது அவர் மனப்பாடம் செய்திருக்கும் மூன்று வரிகள்.

விற்பனை முடிந்த சில வாரங்களில் அடுத்த அழைப்பு வருகின்றது. "நீங்களும் உரிமத் தேர்வு எழுதி எங்கள் குழுவில் சேரலாமே!" தமக்குக் கீழே சேர்பவர் விற்பதிலும் மேலே இருப்பவருக்குப் பங்கு உண்டு, அவருக்கும் மேலே இருப்பவருக்கும் உண்டு. ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளரும் நாளைய விற்பனையாளர். ஒவ்வொரு விற்பனையாளரின் கைப்பேசித் தொடர்புப் பட்டியலும் நாளைய சந்தை. எச்-1பி விசாவில் இருப்பவர், தமக்கு மனுச் செய்த நிறுவனத்தைத் தவிர வேறிடத்தில் உழைத்து ஊதியம் பெற அனுமதி இல்லாதவர். அவரை இத்தகைய குழுவில் சேர்ப்பது, அவருடைய குடியேற்ற நிலையையே பணயம் வைப்பதாகும். உரிமத்தை வேறொருவர் பெயரில் வைத்துக்கொண்டு வேலையை இவர் பார்ப்பது என்ற குறுக்குவழியும் அதைவிட மேலானது அன்று. உரிமம் இல்லாதவருக்குக் கமிஷன் கொடுப்பதைக் காப்பீட்டுச் சட்டங்கள் தடை செய்கின்றன. சேர்த்துவிடுபவர் இவற்றை எடுத்துரைப்பதாகத் தெரியவில்லை.

வேலி இல்லாத நிலம் எப்படி உருவானது?

காப்பீடு மாநிலங்களின் கையில் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. காப்பீட்டு ஒப்பந்தம் வணிகமே ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1869இல் தீர்ப்பளித்தது. 75 ஆண்டுகள் கழித்து, 1944இல், அதே நீதிமன்றம் அது வணிகமே என்று மாற்றி உரைத்தது. காப்பீட்டு நிறுவனங்களும் மாநிலங்களும் பதறின. மறு ஆண்டே, 1945இல், மெக்காரன்–ஃபெர்குசன் சட்டம் நிறைவேறி, காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கே உரியது என்று நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் ஆணையர், ஒரு விதிப்புத்தகம்.

பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணோடு வருவாயைப் பிணைத்த ஆண்டுத்தொகைத் திட்டங்கள் பெருகியபோது, பங்குப் பரிவர்த்தனை ஆணையமான எஸ்.இ.சி. விழித்துக்கொண்டது. வாங்குபவர் சந்தையின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே பணம் பெறுகிறார் என்றால் இது பத்திரம் அன்றோ, பத்திரத்துக்குரிய விதிகள் பொருந்த வேண்டாமோ என்று கேட்டு, 2008 டிசம்பரில் 151ஏ என்னும் விதியை இயற்றியது. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2010 ஜூலையில் வாஷிங்டன் முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. அதே மாதம், வங்கிகளின் வீழ்ச்சிக்குப் பின் நிதித்துறையைக் கட்டுப்படுத்தவென்று வந்த டாட்–ஃபிராங்க் சட்டத்துக்குள், அயோவா மாநில செனட்டர் டாம் ஹார்க்கின் முன்வைத்த திருத்தம் ஒன்று நுழைந்திருந்தது. மாநில விதிகளுக்கு உட்பட்ட இத்தகைய திட்டங்கள் பத்திரம் ஆகா என்பது அதன் சாரம். கட்டுப்படுத்த வந்த சட்டத்தின் கொல்லைப்புறக் கதவு வழியாகவே கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு வெளியேறியது. அயோவா, ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் பெருமளவில் தலைமையகம் கொண்டுள்ள மாநிலம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவின் நிதிச் செய்திகளைத் தொடர்ந்தவர்களுக்கு இந்தக் கதை எங்கோ கேட்டதாகத் தோன்றும். அதே 2010ஆம் ஆண்டு ஏப்ரலில், யூலிப் எனப்படும் முதலீட்டுக் காப்பீட்டுத் திட்டங்களைத் தன் அனுமதியின்றி விற்கக் கூடாது என்று 14 காப்பீட்டு நிறுவனங்களுக்கு செபி தடை விதித்தது. காப்பீட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. எதிர்த்தது. ஜூன் மாதம் நடுவண் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, யூலிப் காப்பீட்டு ஆணையத்துக்கே உரியது என்று முடித்துவைத்தது. தில்லியில் ஜூன், வாஷிங்டனில் ஜூலை. இரு தலைநகரங்களிலும் பத்திரச் சந்தையின் காவலர் வெளியேற்றப்பட்டார். வேறுபாடு அதன் பின்னர்தான். இந்தியாவில் அந்தச் சண்டையின் சூடு தணியும் முன்பே, 2010 செப்டம்பர் 1 முதல் யூலிப் கட்டணங்களுக்கு உச்சவரம்பு வந்தது. குறைந்தபட்ச முடக்கக் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டு ஆயிற்று. முகவர்களின் முதலாண்டுக் கொள்ளை அடங்கியது. குறை சொல்லப்படும் இந்திய ஆணையம் செய்த அளவுக்குக்கூட அமெரிக்காவில் நடக்கவில்லை.

அடுத்து வந்தது தொழிலாளர் துறை. ஓய்வூதியச் சேமிப்பைப் பாதுகாக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 401(கே), ஐ.ஆர்.ஏ. கணக்குகளிலுள்ள பணத்துக்கு ஆலோசனை கூறி ஊதியம் பெறுபவர் நம்பிக்கைப் பொறுப்பாளரே என்று 2016 ஏப்ரலில் அத்துறை விதி இயற்றியது. வணிகச் சங்கங்களும் காப்பீட்டுச் சங்கங்களும் டெக்சாசில் வழக்குத் தொடுத்தன. 2018 மார்ச் 15 அன்று, நியூ ஆர்லியன்சில் உள்ள ஐந்தாம் வட்ட முறையீட்டு நீதிமன்றம், மூவரில் இருவர் என்ற பெரும்பான்மையில் அவ்விதியை முழுவதுமாக நீக்கியது. 2024 ஏப்ரலில் சற்றே மாற்றிய வடிவில் இன்னொரு விதி வந்தது. அது செப்டம்பரில் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, ஜூலை மாத இறுதியில், டெக்சாசின் இரு கூட்டாட்சி நீதிமன்றங்கள் அடுத்தடுத்த நாட்களில் அதை நிறுத்திவைத்தன. அவ்விதி ஒருநாள்கூட உயிர்பெறவில்லை.

2018ஆம் ஆண்டு வழக்கில் தொழில்துறை முன்வைத்த வாதத்தைத் தமிழ்ச் சங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு என்பது ஆழ்ந்த நம்பிக்கை உறவிலிருந்து பிறப்பது. பொருளை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே அத்தகைய உறவு கிடையாது. முகவர் வெறும் விற்பனையாளர் என்பதே அவ்வாதம். நீதிமன்றமும் அதை ஏற்றது. சட்டப்படி பார்த்தால் இது முரணற்ற வாதமாகவே இருக்கட்டும். ஆனால் அதே விற்பனையாளரின் அடையாள அட்டையில் 'நிதி ஆலோசகர்' என்று அச்சிட்டிருப்பது ஏன்? விழா மலரில் 'உங்கள் குடும்பத்தின் நம்பிக்கைக்குரிய வழிகாட்டி' என்று முழுப்பக்க விளம்பரம் ஏன்? கணக்குக் கேட்கும் நீதிபதியிடம் 'எங்களை நம்ப வேண்டிய தேவை எவருக்கும் இல்லை' என்று கூறிவிட்டு, சாம்பார் சாதத் தட்டோடு நிற்கும் குடும்பத்தலைவரிடம் 'எங்களை நம்புங்கள்' என்று கூறும் தொழில் இது. 'அண்ணா' என்ற அந்த ஒரு விளிச்சொல்லில்தான் விற்பனையே நடைபெறுகின்றது. அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

அட்டவணையும் கணக்கும்

ஐ.யு.எல். பாலிசியை விற்கும்போது காட்டப்படும் எதிர்கால வரவு அட்டவணையைத் தொழிலில் 'இல்லஸ்ட்ரேஷன்' என்பர். 30 ஆண்டுகளுக்குப் பின் எத்தனை இலட்சம் டாலர் குவியும் என்று வரிசை வரிசையாக எண்கள் அதில் இருக்கும். இந்த எண்கள் மிகையாக ஊதப்படுகின்றன என்று ஒப்புக்கொண்டு, ஆணையர்கள் சங்கம் 2015இல் 49ஆம் எண் வழிகாட்டுநெறியைக் கொண்டுவந்து, காட்டத்தக்க வருவாய் விகிதத்துக்கு எல்லை வகுத்தது. நிறுவனங்கள் ஊக்கத் தொகை, பெருக்கித் தொகை என்று புதிய அம்சங்களைச் சேர்த்து எல்லையைத் தாண்டின. 2020 டிசம்பரில் 49-ஏ வந்தது. நிறுவனங்கள் தாமே வடிவமைத்த புதுப்புதுக் குறியீட்டெண்களைக் காட்டத் தொடங்கின. 2023 மே மாதம் 49-பி வந்தது. எட்டே ஆண்டுகளில் ஒரே ஓட்டையை மூன்று முறை அடைக்க நேர்ந்ததென்றால், ஓட்டை தற்செயலாக விழுந்ததன்று என்பது விளங்கும்.

பொறியியல் படித்த சமூகத்துக்குக் கணக்கு புரியும். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 9 விழுக்காடு உச்சவரம்பு, கீழே பூஜ்யம் என்று ஒரு திட்டம் இருப்பதாகக் கொள்வோம். எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண் 2019இல் 28.9 விழுக்காடும், 2020இல் 16.3, 2021இல் 26.9 விழுக்காடும் ஏறியது, 2022இல் 19.4 விழுக்காடு விழுந்தது, 2023இல் 24.2, 2024இல் 23.3 விழுக்காடு ஏறியது. 2018 இறுதியில் வைத்த 10,000 டாலர், குறியீட்டெண்ணோடு சென்றிருந்தால் ஆறு ஆண்டு முடிவில் ஏறத்தாழ 23,460 ஆகியிருக்கும். உச்சவரம்புத் திட்டத்தில் ஐந்து ஆண்டுக்கு 9 விழுக்காடும் ஓர் ஆண்டுக்குப் பூஜ்யமும் சேர்ந்து 15,390 அளவில் நின்றிருக்கும். குறியீட்டெண்ணில் பங்காதாயம் எனப்படும் டிவிடெண்ட் சேராது. நேரடியாகப் பங்கு நிதியில் வைத்தவருக்கு அதுவும் கிடைத்திருக்கும். ஐ.யு.எல். வாங்கியவருக்கோ அந்த 15,390இலிருந்தும் காப்பீட்டுச் செலவு, நிர்வாகக் கட்டணம், பிரீமியத்தின்மேல் கட்டணம் ஆகியவை மாதந்தோறும் கழியும். 'பூஜ்யத்துக்குக் கீழே போகாது' என்ற ஆண்டிலும் இக்கழிவுகள் நிற்பதில்லை. அதாவது பூஜ்யத்துக்குக் கீழே போகும்!

மறுபக்கத்தையும் மறைப்பது நேர்மையாகாது. 1999 இறுதியில் 10,000 டாலரைக் குறியீட்டெண்ணில் வைத்தவர், மூன்று ஆண்டுத் தொடர்ச் சரிவுக்குப் பின் 2002 இறுதியில் பங்காதாயம் நீங்கலாக 6,000க்கும் சற்றுக் குறைவாகவே கண்டார். அத்தகைய காலத்தில் கீழ்வரம்பு உதவும். ஓய்வுபெற்ற ஒருவர், தாம் உயிரோடிருக்கும் வரை மாதந்தோறும் உறுதியான தொகை வர வேண்டும் என்று எளிய ஆண்டுத்தொகைத் திட்டம் ஒன்றை வாங்குவதில் தவறேதும் இல்லை. அது பழைய, நல்ல கருவி. இளம் குடும்பத்துக்கு ஆயுள் காப்பீடு கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பை டெர்ம் பாலிசி மிகக் குறைந்த செலவில் தருகின்றது. அதில் முகவருக்குக் கிடைப்பது சொற்பம். நிரந்தர ஆயுள் பாலிசியிலோ முதலாண்டு பிரீமியத்தில் பாதிக்கும் மேல், பல நேரங்களில் ஏறத்தாழ முழுவதும், கமிஷனாகப் போகும். விழா மண்டபத்தில் எதற்கு மேசை போடுவார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இங்கே விசாவின் பிரச்சினை குறுக்கிடுகின்றது. ஐ.யு.எல். பாலிசியை விலக்கிக்கொண்டால் பிடிக்கப்படும் சரண்டர் கட்டணம் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வரை நீடிக்கும். தொடக்க ஆண்டுகளில் சரண்டர் மதிப்பு பூஜ்யமாகவோ கட்டியதில் சிறு பங்காகவோ இருக்கும். எச்-1பி விசாவின் இயல்பான வரம்பு 6 ஆண்டு. ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பினால் இந்தியாவில் பிறந்தவர் பச்சை அட்டைக்குக் காத்திருக்கும் காலம் எல்லோருக்கும் தெரிந்த துயரம். வேலை போனால் புது வேலை தேட 60 நாள். இந்த நாட்டில் மூன்றாம் ஆண்டு இருப்போமா என்று அறியாத ஒருவரிடம், பதினைந்து ஆண்டு பூட்டிய பெட்டியை விற்பது எந்த வகையில் அவருடைய மேலான நலன்? வேலை போன மாதத்தில் பிரீமியம் நின்றால், சேர்ந்திருக்கும் சிறு தொகையிலிருந்து காப்பீட்டுச் செலவு கழியத் தொடங்கும். அது தீர்ந்ததும் பாலிசி காலாவதி. பாலிசியின்மேல் கடன் வாங்கியிருந்து பின்னர் அது காலாவதியானால், கையில் வராத இலாபத்துக்கும் வரி வரும். ஆண்டுத்தொகைத் திட்டமாயின், 59½ வயதுக்கு முன் எடுக்கும் இலாபத்துக்கு வருமான வரியோடு 10 விழுக்காடு கூடுதல் வரியும் உண்டு. ஊர் திரும்பியவருக்கு இந்திய வரிச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

சந்தை போகும் திசை

இவையெல்லாம் ஓரத்தில் நடக்கும் சிறு வணிகம் என்று எண்ண வேண்டாம். 2022 மார்ச் முதல் 2023 ஜூலை வரை அமெரிக்க மைய வங்கி வட்டியைப் பூஜ்யத்தின் அருகிலிருந்து ஐந்தேகால் விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்தியது. ஆண்டுத்தொகைத் திட்டங்களின் விற்பனை, லிம்ரா என்னும் தொழில்துறை ஆய்வமைப்பின் கணக்குப்படி, 2021இல் சுமார் 25,500 கோடி டாலராக இருந்து 2023இல் 38,500 கோடியாகி, 2024இல் 43,000 கோடியைத் தாண்டியது. 65 வயதை எட்டும் அமெரிக்கர்கள் ஆண்டுக்கு 40 இலட்சத்துக்கும் மேல் என்னும்போது இந்த வெள்ளம் விரைவில் வடியப் போவதில்லை.

வெள்ளம் பாயும் வாய்க்காலும் மாறிவிட்டது. அப்பல்லோ நிறுவனம் 2009இல் தொடங்கிய அத்தீன், 2022 ஜனவரியில் அதனோடு முழுமையாக இணைந்தது. குளோபல் அட்லாண்டிக் நிறுவனத்தின் பெரும்பங்கை 2021இல் வாங்கிய கே.கே.ஆர்., எஞ்சியதை 2024 ஜனவரியில் வாங்கியது. அமெரிக்கன் ஈக்விட்டி 2024 மே மாதம் புரூக்ஃபீல்டு வசமானது. ஓய்வூதியம் பெறுபவரின் சேமிப்பு, தனியார் கடன்களிலும் எளிதில் விலை காண இயலாத பத்திரங்களிலும் முதலீடாகின்றது. பொறுப்புகளில் பெரும்பங்கு பெர்முடா போன்ற தீவுகளிலுள்ள மறுகாப்பீட்டு நிறுவனங்களுக்கு மாற்றப்படுகின்றது. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆணையர்கள் சங்கமே 2022இல் இது குறித்து 13 கவலைகளைப் பட்டியலிட்டது. கவலைப்படுவது மட்டும் ஆணையர்களுக்குக் கைவந்த கலை.

நிறுவனம் விழுந்தால் என்ன ஆகும்? கலிபோர்னியாவின் எக்சிகியூட்டிவ் லைஃப், மட்டரகக் கடன் பத்திரங்களில் மூழ்கி 1991 ஏப்ரலில் அரசின் கைக்குச் சென்றதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பர். அண்மைய எடுத்துக்காட்டு வட கரோலினாவின் கொலராடோ பேங்கர்ஸ் லைஃப். 2019 ஜூனில் நீதிமன்றக் கட்டுப்பாட்டுக்குள் சென்ற அந்நிறுவனம் 2024 நவம்பர் இறுதியில் கலைப்புக்கு உள்ளானது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, கடும் இடர்ப்பாடு என்று விண்ணப்பித்து அனுமதி பெற்றோர் நீங்கலாக, மற்றவர்கள் தம் பணத்தைச் சரண்டர் செய்து எடுக்க இயலவில்லை. அதன் உரிமையாளரான கிரெக் லிண்ட்பர்க், தம் நிறுவனத்தைக் கண்காணித்த அதிகாரியை மாற்றுவதற்காக மாநிலக் காப்பீட்டு ஆணையர் மைக் காசிக்கு இலஞ்சம் தர முயன்றார் என்பது வழக்கு. ஆணையர் எஃப்.பி.ஐ.யிடம் சொல்லி ஒத்துழைத்ததால் அது வெளிவந்தது. 2020இல் கிடைத்த தண்டனைத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நீக்கப்பட்டு, மறுவிசாரணையில் 2024 மே மாதம் மீண்டும் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஆணையர் நேர்மையாளராக இருந்தது பாலிசிதாரர்களின் நல்லூழ். ஒரு மனிதரின் நேர்மையை நம்பி நாடு முழுவதுமான சேமிப்பு நிற்கின்றது என்பது ஆறுதல் தரும் செய்தியா? 2024 மே மாதம் கனெக்டிகட்டில் பி.எச்.எல். வேரியபிள் நிறுவனமும் நீதிமன்றக் கட்டுப்பாட்டுக்குள் சென்றது.

வங்கி வைப்புக்கு நடுவண் அரசின் காப்புறுதி உண்டு. காப்பீட்டுக்கு உள்ளது மாநில உத்தரவாதச் சங்கம். பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுத்தொகைத் திட்டத்துக்கு 2,50,000 டாலர், இறப்புத் தொகைக்கு 3,00,000 டாலர், பாலிசியின் ரொக்க மதிப்புக்கு 1,00,000 டாலர் என்பது அதன் வரம்பு. முன்கூட்டியே சேர்த்துவைத்த நிதி ஏதும் இல்லை. ஒரு நிறுவனம் விழுந்த பின்னர் மற்ற நிறுவனங்களிடம் வசூலித்துத் தருவார்கள். இந்தச் சங்கத்தைக் காட்டி விற்பனை செய்யக் கூடாது என்பதும் சட்டம். ஆயினும் 'அரசாங்கமே உத்தரவாதம்' என்ற சொல் விற்பனைக் கூட்டங்களில் ஒலிக்கத்தான் செய்கின்றது.

முடியாது என்பவர்களுக்கு நியூயார்க்கின் விடை

கடுமையான விதி வந்தால் முகவர்கள் தொழிலை விட்டு ஓடிவிடுவார்கள், எளிய மக்களுக்கு ஆலோசனையே கிடைக்காது என்பது தொழில்துறையின் நிலையான அச்சுறுத்தல். நியூயார்க் மாநிலம் 2018 ஜூலையில் தன் 187ஆம் எண் ஒழுங்குவிதியைத் திருத்தியது. பரிந்துரை செய்யும்போது வாங்குபவரின் நலன் மட்டுமே கருதப்பட வேண்டும்; கமிஷன் பெறலாம், ஆனால் அதன் அளவு பரிந்துரையைச் சாய்க்கலாகாது என்பது அதன் உட்பொருள். ஆண்டுத்தொகைத் திட்டங்களுக்கு 2019 ஆகஸ்ட் 1 முதலும், ஆயுள் காப்பீட்டுக்கு 2020 பிப்ரவரி 1 முதலும் அது நடைமுறைக்கு வந்தது. முகவர் சங்கங்கள் வழக்காடின. 2021இல் கீழ் முறையீட்டு நீதிமன்றம் தெளிவற்றது என்று அதை நீக்கியது. 2022 அக்டோபரில் மாநிலத்தின் உச்ச அமர்வான முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்று நிலைநிறுத்தியது. நியூயார்க்கில் காப்பீட்டு விற்பனை நின்றுவிடவில்லை. முகவர்கள் எவரும் ஹட்சன் ஆற்றை நீந்திக் கடந்து அகதிகளாக வெளியேறியதாகவும் செய்தி இல்லை.

ஆற்றின் இக்கரையில், நியூ ஜெர்சியின் எடிசனில் வாழும் தமிழருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு ஏன் கிடையாது? கேட்பதற்கு ஆளில்லாததே காரணம். மாநில ஆணையம் ஒரு விதியை முன்மொழியும்போது பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்க அவகாசம் தருகின்றது. ஆணையர்கள் சங்கமும் தன் வரைவுகளுக்குக் கருத்துகளைப் பெறுகின்றது. அங்கே நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். வாங்கி ஏமாந்தவர்கள் எழுதுவதில்லை. தமிழ்ச் சங்கங்களில் சட்டம் படித்தவர் உண்டு, காப்பீட்டுக் கணிதம் அறிந்தவர் உண்டு, கணினியில் எந்தக் கணக்கையும் பிரித்துப் போடத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரு சங்கம் ஒரு மாநிலத்தில், நியூயார்க் விதியை ஆயுள் காப்பீட்டுக்கும் விரித்துத் தர வேண்டும் என்று உறுப்பினர் கையொப்பத்தோடு ஒரு மனு அனுப்பலாம். சட்டமன்ற உறுப்பினரைப் பொங்கல் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தும் வழக்கம் ஏற்கெனவே உள்ளது; பொன்னாடையோடு இந்த மனுவையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

அதற்கு முன் சங்கங்கள் தம் வீட்டைச் சீர்செய்ய வேண்டியுள்ளது. விழாச் செலவுக்கு நன்கொடை தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை. அரங்க வாடகையும் சாப்பாட்டுச் செலவும் ஆண்டுதோறும் ஏறுவதும் உண்மை. ஆனால் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்களின் மின்னஞ்சல் பட்டியலும், மேடையில் பத்து நிமிடமும், 'நம் சங்கத்தின் பெருமைக்குரிய புரவலர்' என்ற அறிமுகமும் சேர்ந்துதான் அந்த நன்கொடைக்குக் கைம்மாறாகப் போகின்றன. சில ஆயிரம் டாலருக்குச் சங்கம் விற்பது உறுப்பினர்களின் நம்பிக்கையை. காப்பீட்டு முகவர்களிடம் நன்கொடை பெறும் சங்கம், குறைந்தது மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: அவர் எந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவர், விற்கும் ஒவ்வொரு திட்டத்திலும் முதலாண்டில் அவருக்கு வருவது எவ்வளவு, ஆள் சேர்ப்பில் பங்கு உண்டா. இவற்றை எழுத்தில் தந்து விழா மலரில் அச்சிட ஒப்பாதவருக்கு மேசை தரலாகாது. உரிமத்தை மாநிலக் காப்பீட்டுத் துறையின் இணையதளத்தில் எவரும் சில நிமிடங்களில் சரிபார்க்கலாம்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு சொல். பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து அதைத் திருப்பிக் கொடுத்துக் கட்டிய பணத்தைப் பெறும் 'ஃப்ரீ லுக்' அவகாசம் பெரும்பாலான மாநிலங்களில் குறைந்தது 10 நாள். சில மாநிலங்களில் 30 நாள் வரையும் உண்டு. அந்த நாட்களில் அட்டவணையின் முதல் பக்கத்தை விட்டுவிட்டு, 'உத்தரவாதமான மதிப்பு' என்று தலைப்பிட்ட பத்தியைப் பார்க்க வேண்டும். நிறுவனம் உண்மையில் கட்டுப்பட்டிருப்பது அந்த எண்ணுக்கு மட்டுமே. அவகாசம் தாண்டியவர்கள் அவசரப்பட்டுச் சரண்டர் செய்துவிடாமல், கமிஷன் பெறாது மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஒருவரிடம் அப்போதைய நிலவரப்படி புதிய அட்டவணை ஒன்றை எடுத்துக் காட்டி முடிவு செய்யலாம். தவறான வாக்குறுதியின்பேரில் வாங்கியவர்கள், தம் மாநிலக் காப்பீட்டுத் துறையில் இணையம் வழியே புகார் அளிக்கலாம், கட்டணம் இல்லை. முகவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் விளக்கக் காட்சிகளையும் அழிக்காமல் புகாரோடு இணைக்க வேண்டும்.